வாலை வெட்டாதீங்க: எஸ்க்யூலைட் ஃபைல் மக்கர் பண்ணா என்ன செய்யலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது. மதுரையில மளிகைக் கடை வச்சிருக்கிற என் சித்தப்பாகிட்ட நான் கேட்ட மன்னிப்பு.

காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது அவரோட கடன் நோட்டை ஒரு சின்ன ஆப்பா மாத்திக் கொடுத்தேன். பைத்தான்ல எழுதினது, உள்ளே டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். யார் என்ன வாங்கினாங்க, எவ்வளவு கொடுத்தாங்க, பாக்கி எவ்வளவு, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் பிரச்சினை இல்லாம ஓடுச்சு. சித்தப்பா நோட்டை மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போச்சு. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. கரண்ட் வந்ததும் சித்தப்பா எனக்குப் போன் பண்ணார். நான் ஒரு யோசனை சொன்னேன். அந்த யோசனையால ஒரு முழு நாள் கணக்கு காணாமப் போச்சு. கரண்ட் கட்டால போனது இல்லை. நான் சொன்னதால போனது.

எங்கே தப்பு பண்ணேன், உங்க ப்ராஜெக்ட்ல இதே மாதிரி நடந்தா என்ன செய்யணும், இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ஒரே ஃபைல் இல்லை

முதல்ல எஸ்க்யூலைட்னா என்னன்னு ஒரு நிமிஷம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி தனியா ஒரு சர்வர் ஓடாது. இது உங்க ஆப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற ஒரு லைப்ரரி. டேட்டா எல்லாம் டிஸ்க்ல ஒரு சாதாரண ஃபைல். 2000-ல டி. ரிச்சர்ட் ஹிப் இதை எழுதினார். அப்போ அவர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒண்ணுக்கான மென்பொருள்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்துட்டா ஆப்பும் சேர்ந்து படுக்கக் கூடாது, அதுக்கு சர்வரே இல்லாம இருக்கணும்ங்கிறதுதான் அவர் யோசனை. இன்னைக்கு உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டிலேயும், க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ்லேயும் இது இருக்கு. இதோட மூலக் கோடைவிட, அதைச் சோதிக்க எழுதின கோடு பல நூறு மடங்கு அதிகம். அதனால ஃபைல் கெட்டுப்போனா, முதல் சந்தேகம் நம்ம மேலதான் வரணும்.

"ஒரே ஃபைல்"னு சொல்றோம் இல்லையா? அது பாதி உண்மைதான். 2010-ல இருந்து எஸ்க்யூலைட்ல வால் மோட்னு ஒண்ணு இருக்கு. ரைட்-அஹெட் லாக், அதோட சுருக்கம்தான் வால். இந்த மோட்ல நீங்க எழுதுற புது விஷயம் எதுவும் உடனே மெயின் ஃபைலுக்குப் போகாது. பக்கத்துல இருக்கிற இன்னொரு ஃபைல்ல வரிசையா சேரும். மெயின் ஃபைல் பேரு 'கடன்.டிபி'னா, இதோட பேரு 'கடன்.டிபி-வால்'. நிஜமாவே பேருக்குப் பின்னாடி ஒரு வால்! கூடவே எஸ்ஹெச்எம்னு முடியுற ஒரு குட்டி ஃபைலும் இருக்கும்.

வால்ல சேர்ந்தது எப்போ மெயின் ஃபைலுக்குப் போகும்? வழக்கமான செட்டிங்ல வால் 1000 பக்கம் தொடும்போது, இல்லைன்னா கடைசி கனெக்ஷன் ஒழுங்கா மூடும்போது. இதுக்குப் பேரு செக்பாயிண்ட். ஒரு பக்கம் இப்போ வழக்கமா 4096 பைட். அப்போ 1000 பக்கம்னா சுமார் 4 எம்பி.

ஒரு மளிகைக் கடையில ஒரு நாளைக்கு நூத்துச் சொச்சம் என்ட்ரி. அது 1000 பக்கத்தைத் தொடவே இல்லை. ஆப் காலையில திறந்தா ராத்திரிதான் மூடும். அப்போ அந்த நாளோட மொத்தக் கணக்கும் வால்லதான் இருந்தது.

'லாக்டு' வேற, உடைஞ்சது வேற

கரண்ட் வந்ததும் சித்தப்பா அவசரத்துல ஆப்பை ரெண்டு தடவை திறந்துட்டார். முதல் விண்டோ பின்னாடி ஒரு டிரான்ஸாக்ஷனைப் பாதியில வச்சுக்கிட்டுத் தொங்கிட்டிருந்தது. ரெண்டாவது விண்டோ 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு'ன்னு சொல்லுச்சு.

நான் போன்ல என்ன சொன்னேன் தெரியுமா? "சித்தப்பா, எல்லாத்தையும் எண்ட் டாஸ்க் குடுங்க. ஃபோல்டர்ல வால், எஸ்ஹெச்எம்னு ரெண்டு குப்பை ஃபைல் இருக்கும். ரெண்டையும் டெலீட் பண்ணிட்டுத் திறங்க."

அவரும் பண்ணார். ஆப் அழகாத் திறந்துச்சு. எரர் இல்லை. நேத்து ராத்திரி வரைக்கும் உள்ள கணக்கு மட்டும் இருந்தது.

'லாக்டு'ங்கிறது நோய் இல்லை. "வேற யாரோ எழுதிக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் இருங்க"ன்னு அர்த்தம். பிடிச்சு வச்சிருக்கிற ப்ராசஸை மட்டும் ஒழுங்கா மூடியிருந்தா போதும். கரண்ட் கட்டானதைக்கூட எஸ்க்யூலைட் தானாச் சமாளிச்சிருக்கும். அடுத்த தடவை திறக்கும்போது வாலைப் படிச்சு, முழுசா முடிஞ்ச டிரான்ஸாக்ஷனை எல்லாம் எடுத்துக்கும். வால் இருக்கிறதே அதுக்குத்தான். அதைத்தான் நான் வெட்டச் சொன்னேன்.

இப்படி 'லாக்டு' அடிக்கடி வந்தா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பிஸி டைம்அவுட் செட் பண்ணியிருக்கீங்களா? 5000 மில்லிசெகண்ட்னு வச்சா, உடனே எரர் அடிக்காம அஞ்சு செகண்ட் காத்திருக்கும். ரெண்டு, டிரான்ஸாக்ஷனைத் திறந்து வச்சுட்டு நடுவுல நெட்வொர்க் வேலை, யூசர்கிட்ட கேள்வின்னு இழுக்கிறீங்களா? திறந்தா சட்டுனு கமிட் பண்ணி மூடுங்க.

நிஜமாவே உடைஞ்சா

போன நாளை மீட்கப் பென்டிரைவைத் தேடினோம். கடைப் பையன் தினமும் ராத்திரி காப்பி எடுத்து வச்சிருந்தான். அதுவும் என் ஐடியாதான்: "அந்த டிபி ஃபைலை மட்டும் காப்பி பண்ணு தம்பி." ஆப் ஓடிக்கிட்டிருக்கும்போதே எடுத்த காப்பி. பல காப்பியில அன்னைய கணக்கே இல்லை, ஏன்னா அது வால்ல இருந்தது. ஒரு காப்பியைத் திறந்தா 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு'. காப்பி ஓடுற நேரத்துல நடுவுல செக்பாயிண்ட் நடந்திருக்கணும். பாதிப் பக்கம் பழசு, பாதிப் பக்கம் புதுசு.

இந்த எரர் வந்தா என்ன செய்யணும்? வரிசையாச் சொல்றேன்.

முதல் வேலை, கை வைக்காதீங்க. ஆப்பை நிறுத்துங்க. மெயின் ஃபைல், வால், ஜர்னல்னு முடியுற ஃபைல் இருந்தா அது, எல்லாத்தையும் ஒண்ணா வேற ஃபோல்டருக்குக் காப்பி பண்ணுங்க. பேரை மாத்தாதீங்க, மாத்தினா வாலை அடையாளம் தெரியாது. இனி எல்லா வைத்தியமும் காப்பி மேலதான். ஒரிஜினல் அப்படியே கிடக்கட்டும்.

ரெண்டாவது, 'ப்ராக்மா இன்டெக்ரிட்டி செக்' ஓட்டுங்க. எல்லாம் சரின்னா 'ஓகே'ன்னு ஒரே வார்த்தை வரும். இல்லைன்னா எங்கே என்ன கெட்டிருக்குன்னு பட்டியல் வரும். குவிக் செக்னும் ஒண்ணு இருக்கு, வேகமா முடியும். ஆனா டேபிள்ல இருக்கிறதும் இன்டெக்ஸ்ல இருக்கிறதும் பொருந்துதான்னு அது பார்க்காது.

மூணாவது, அந்தப் பட்டியலைப் படிங்க. 'இன்ன வரிசை இன்ன இன்டெக்ஸ்ல இல்லை'ன்னு மட்டும் வந்தா பெருமூச்சு விடலாம். புத்தகத்துல பாடம் எல்லாம் பத்திரம், முன்னாடி இருக்கிற பொருளடக்கம்தான் தப்பு. 'ரீஇன்டெக்ஸ்' கொடுத்தா இன்டெக்ஸைப் புதுசாக் கட்டிடும். அப்புறம் திரும்ப ஒரு தடவை செக் ஓட்டுங்க.

பக்கமே கிழிஞ்சிருந்தா? எஸ்க்யூலைட்டோட கமாண்ட் லைன் கருவியில 2019-ல இருந்து 'ரிகவர்'னு ஒரு கட்டளை இருக்கு. படிக்க முடிஞ்ச ஒவ்வொரு வரிசையையும் பொறுக்கி எடுத்து எஸ்க்யூஎல்லாக் கொடுக்கும். அதைப் புது ஃபைல்ல ஏத்தணும். எந்த டேபிளைச் சேர்ந்ததுன்னு தெரியாத வரிசை எல்லாம் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'னு தனி டேபிள்ல விழும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்க எப்பவோ டெலீட் பண்ணின வரிசைகூட ரிகவர்ல திரும்ப வரலாம். அதனால ரிகவர் கொடுக்கிறது கணக்கு இல்லை, கணக்கா மாத்த வேண்டிய கச்சாப் பொருள். சித்தப்பா கேஸ்ல அது பழைய நாளோட காப்பி. அதனால போன நாளுக்கு உதவவும் இல்லை.

ஃபைல் நல்லா இருக்கு, பதில் தப்பு

இது எல்லாத்தையும்விட மோசமான வகை. எரரே வராது.

மறு வாரம் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர், "தம்பி, என் பாக்கி ஆயிரத்துக்கு மேல கூடக் காட்டுது"ன்னார். சித்தப்பாவுக்கு ஆப் மேல நம்பிக்கை போன நேரம் அது. நானும் ஃபைல் மறுபடியும் கெட்டுப்போச்சுன்னுதான் நினைச்சேன். இன்டெக்ரிட்டி செக் ஓட்டினேன். 'ஓகே'.

அப்போ தப்பு டேட்டாவுலேயா, கேள்வியிலேயா? டீச்சர் கணக்கை வரிசை வரிசையா எடுத்து, ஒவ்வொரு தொகைக்கும் 'டைப்ஆஃப்' போட்டுப் பார்த்தேன். எல்லாம் இன்டிஜர், ஒண்ணு மட்டும் டெக்ஸ்ட். சித்தப்பா கமா வச்சு '1,200'னு அடிச்சிருக்கார். காலம் இன்டிஜர்னு சொல்லியிருந்தாலும், எண்ணா மாத்த முடியாததை எஸ்க்யூலைட் மறுக்காது, எழுத்தாவே வச்சுக்கும். கூட்டும்போது கமாவுக்கு முன்னாடி இருக்கிற 1-ஐ மட்டும் எடுத்துக்கும். டீச்சர் கொடுத்த 1,200 ரூபாய் எங்க கணக்குல 1 ரூபாய். 1,199 ரூபாய் பாக்கி கூடிடுச்சு.

2021-ல இருந்து டேபிளை 'ஸ்ட்ரிக்ட்'னு போட்டு உருவாக்கலாம். அப்போ இந்த மாதிரி எழுத்தை உள்ளேயே விடாது, எரர் கொடுக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க கண்டிப்பா அப்படியே ஆரம்பிங்க.

இன்னொரு பொறி. "இந்த மாசம் பணம் கொடுக்காதவங்க யார்?"னு ஒரு ரிப்போர்ட். கொடுத்தவங்க ஐடி பட்டியலை எடுத்து, 'நாட் இன்' போட்டிருந்தேன். ஒரு மாசம் ஒருத்தர் பேருகூட வரலை. ஊரே கடனை அடைச்சிடுச்சா? இல்லை. ஒரு என்ட்ரியில வாடிக்கையாளர் ஐடி காலியா, அதாவது நல்லா இருந்தது. பட்டியல்ல ஒரே ஒரு நல் இருந்தாலும் 'நாட் இன்' ஒரு வரிசையையும் கொடுக்காது. இது எஸ்க்யூஎல்லோட விதி, பக் இல்லை. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டு எழுதினா சரியாயிடும்.

பதில் சரி, ஆனா ரொம்ப நேரம் எடுக்குதுன்னா? கேள்விக்கு முன்னாடி 'எக்ஸ்ப்ளெயின் குவரி பிளான்' சேர்த்து ஓட்டுங்க. 'ஸ்கேன்'னு வந்தா வரிசை வரிசையாத் தேடுது. 'சர்ச்'னு வந்தா இன்டெக்ஸோ ப்ரைமரி கீயோ பிடிச்சு நேரா அந்த இடத்துக்குப் போகுது. பெரிய டேபிள்ல ஸ்கேன் வந்தா, வேர்ல தேடுற காலத்துக்கு ஒரு இன்டெக்ஸ் போடுங்க.

பேக்கப்னா என்ன?

ஓடிக்கிட்டிருக்கிற டேட்டாபேஸை எக்ஸ்ப்ளோரர்ல காப்பி-பேஸ்ட் பண்றது பேக்கப் இல்லை. கமாண்ட் லைன்ல 'பேக்கப்' கட்டளை இருக்கு, இல்லைன்னா 'வேக்யூம் இன்டு' கொடுத்துப் புது ஃபைல் எடுக்கலாம். ரெண்டும் வால்ல இருக்கிறதையும் சேர்த்து, ஒரே நொடியோட நிலைமையை எடுத்துக் கொடுக்கும். எடுத்த காப்பி மேல இன்டெக்ரிட்டி செக் ஓட்டுங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீங்க.

அதே மாதிரி, டேட்டாபேஸ் ஃபைலை ஆபீஸ் நெட்வொர்க் டிரைவ்ல வைக்காதீங்க. வேற வேற கம்ப்யூட்டர்ல இருந்து திறந்தா வால் மோட் வேலை செய்யாது. வேகத்துக்காக 'சிங்க்ரனஸ் ஆஃப்' போடாதீங்க. கரண்ட் போனா நிஜமாவே உடையுற வழி அது.

சித்தப்பா கதைக்கு வருவோம். காணாமப் போன அந்த நாள்ல ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் 850 ரூபாய் பாக்கியை அடைச்சிருந்தார். ஆப்ல அது இல்லை. சித்தப்பா திரும்பக் கேட்டுட்டார். "காலையிலதானே அண்ணே குடுத்தேன்"னு சொல்லிட்டு, அந்த அண்ணன் ரெண்டு வாரம் கடைப் பக்கமே வரலை. அப்புறம் சித்தப்பாவே ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்தார். அந்த நாள் கணக்கை வாடிக்கையாளர்கள் வாயால கேட்டுத்தான் திரும்ப எழுதினோம். சொன்னதை எல்லாம் சித்தப்பா அப்படியே ஏத்துக்கிட்டார்.

இப்போ ஆப்பும் இருக்கு, பரண்ல இருந்து இறங்கின நோட்டும் கல்லாப் பக்கத்துல இருக்கு. நோட்டை எடுத்துடலாமான்னு நான் இன்னும் கேட்கலை.

உங்க ஃபோல்டர்ல வால் வச்ச ஃபைலைப் பார்த்தா, குப்பைன்னு நினைச்சுடாதீங்க. யாரோ ஒருத்தரோட இன்னைய கணக்கு அதுல இருக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!