கடை விளக்கில் கரையும் ரிங்கிட்: வாடகைக் கடைக்காரரும் மிச்சப்படுத்த முடியும்

மின்கட்டணம் ஏறிவிட்டது என்று புலம்பாத வியாபாரி இன்று இல்லை. காரணம் கேட்டால் பலரும் குளிர்சாதனத்தையும் குளிர்பெட்டியையும் காட்டுவார்கள். தலைக்கு மேல் காலை முதல் இரவு வரை எரியும் விளக்கை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

குளிர்பெட்டியை அணைக்க முடியாது, பொருள் கெட்டுவிடும். புதிய குளிர்சாதனம் வாங்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். கட்டடத்தை மாற்றலாம் என்றால் அது வாடகைக் கடை. ஆனால் விளக்கு அப்படியல்ல. சிறு வியாபாரி பெரிய முதலீடு இல்லாமல், வாடகை ஒப்பந்தம் முடிவதற்குள் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கக்கூடிய செலவு அது.

பெரிய கட்டடங்களுக்கு இப்போது சட்டமே வந்துவிட்டது. எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2024 தீபகற்ப மலேசியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்பளவுள்ள அலுவலகக் கட்டடங்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. தெருவோரக் கடைவீட்டில் இயங்கும் வாழை இலை உணவகத்தையோ மளிகைக் கடையையோ முடிதிருத்தும் நிலையத்தையோ அந்தச் சட்டம் தொடாது. அவர்களுக்குக் கணக்குக் கேட்க வருவது மாத இறுதியில் வரும் மின்கட்டண பில் ஒன்றுதான்.

பில்லில் என்ன இருக்கிறது?

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் மின்கட்டண முறை மாறியது. எரிசக்திக் கட்டணம், உற்பத்தித் திறன் கட்டணம், மின்கம்பிக் கட்டமைப்புக் கட்டணம், சில்லறைக் கட்டணம் என்று பில் இப்போது பிரித்துக் காட்டப்படுகிறது. எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதந்தோறும் சிறிய ஏற்ற இறக்கமும் சேரும். சாதாரணச் சிறு கடைகளுக்குச் சில்லறைக் கட்டணம் மட்டுமே மாதா மாதம் ஒரே தொகை. மற்றவை பயன்படுத்தும் யூனிட்டுக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆகவே ஒரு யூனிட்டைக் குறைத்தால் அதன் பலன் பல வரிகளில் சேர்ந்து தெரியும்.

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கணக்குக்கு வசதியாக ஒரு யூனிட்டின் விலையை 50 சென் என்று வைத்துக்கொள்வோம்.

சோக் தின்னும் மின்சாரம்

பழைய நான்கடிக் குழல் விளக்கில் 36 வாட் என்று எழுதியிருக்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கனமான சோக்கும் சேர்ந்தால் ஏறக்குறைய 45 வாட் ஆகிவிடும். அதன் இடத்தில் 18 வாட் எல்இடி குழலைப் போட்டால் விளக்கு ஒன்றுக்கு 27 வாட் மிச்சம்.

நாற்பது குழல்கள் உள்ள ஓர் உணவகம் நாளுக்கு 12 மணி நேரம் திறந்திருந்தால் மாதம் சுமார் 389 யூனிட் குறையும். அது ஏறக்குறைய 194 ரிங்கிட். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடைக்கு அதுவே 389 ரிங்கிட் ஆகும். குழலுக்கும் வேலைக்கூலிக்கும் சேர்த்து விளக்கு ஒன்றுக்கு 25 ரிங்கிட் பிடித்தாலும் மொத்தச் செலவு 1,000 ரிங்கிட். பன்னிரண்டு மணி நேரக் கடைக்கு ஐந்தாறு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் இது கட்டுபடியாகும்.

பாதி வாட்டில் வெளிச்சம் குறைந்துவிடாதா என்ற சந்தேகம் நியாயமானது. பழைய குழல் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைச் சிதறும். அதில் நல்ல பங்கு மேலே பெட்டிக்கும் கூரைக்கும் போய் வீணாகும். எல்இடி குழல் வெளிச்சத்தைக் கீழ்நோக்கிச் செலுத்துவதால் மேசைக்கு வந்து சேரும் வெளிச்சம் பெரிதாகக் குறைவதில்லை.

நகைக்கடை, ஜவுளிக்கடைகளில் நிலைமை இன்னும் மோசம். பழைய ஹாலோஜன் விளக்கு ஒன்று 50 வாட். அதே வேலையை 6 வாட் எல்இடி செய்யும். முப்பது விளக்குகளை மாற்றி, நாளுக்கு 10 மணி நேரம் கடை நடத்தினால் மாதம் 396 யூனிட், அதாவது 198 ரிங்கிட் மிச்சம். அதோடு நிற்பதில்லை. விளக்கு தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றுவது குளிர்சாதனத்தின் வேலை. மூன்று வாட் சூட்டை வெளியேற்ற ஏறக்குறைய ஒரு வாட் மின்சாரம் வேண்டும். அந்தக் கணக்கில் இன்னும் 60 ரிங்கிட்டுக்கு மேல் சேரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தின் அளவு லூமன். பெட்டியில் இரண்டையும் பார்த்து, ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். 100 லூமனுக்குக் குறையாமல் கொடுப்பது நல்ல விளக்கு.

அடுத்தது நிறம். சேலை எடுக்க வரும் பெண்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போவது ஏன்? கடை விளக்கில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரிவதால்தான். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்று ஓர் எண் உண்டு. மளிகைக் கடைக்கு 80 போதும். துணி, நகை, பூ, ஒப்பனை சார்ந்த கடைகளுக்கு 90 இருந்தால் வாடிக்கையாளர் வாசலுக்கு நடக்க வேண்டியதில்லை.

சிரிம் முத்திரை உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். மலிவான விளக்குகள் சில கண்ணுக்குத் தெரியாமல் படபடக்கும். நாள் முழுக்க அதன் கீழ் வேலை செய்பவருக்குத் தலைவலி வரலாம். கைப்பேசிக் கேமராவை விளக்கின் அருகே காட்டும்போது திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால், அந்த விளக்கைத் தவிர்ப்பது நல்லது.

வயரிங் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட வேண்டும். சோக்கை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கும் எல்இடி குழல்களில், சிலவற்றுக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் வரும். சிலவற்றுக்கு இரு முனையிலும் வரும். இதில் குழப்பம் வந்தால் ஷார்ட் ஆகும். மாற்றிய பெட்டியின் மேல் ‘எல்இடி மட்டும்’ என்று சீட்டு ஒட்டுவதும் அவசியம். அடுத்து அந்தக் கடைக்கு வருபவர் தெரியாமல் பழைய குழலை மாட்டிவிடக் கூடாது. கடை உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பின்னால் வம்பு இல்லை.

விளக்கை மாற்றினால் மட்டும் போதுமா?

பல கடைவீடுகளில் முன்பக்கம் முதல் பின்கட்டு வரை எல்லா விளக்கும் ஒரே சுவிட்சில் இருக்கும். காலை பத்து மணிக்கு வாசலில் வெயில் அடிக்கும்போதும் முன்வரிசை விளக்கு எரிந்துகொண்டிருப்பது அதனால்தான். வயர்மேன் வரும்போதே முன்பக்கம், நடுப்பகுதி, பின்கட்டு என்று சுவிட்சைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஸ்டோர் அறைக்கும் கழிவறைக்கும் ஆள் நடமாட்டம் அறியும் சென்சார் பொருத்தலாம். பெயர்ப்பலகைக்கும் அஞ்சடி விளக்குக்கும் இருட்டினால் தானாக எரியும் ஒளியுணரி போதும்.

சமையலறைப் புகை படியும் விளக்கு மாதக்கணக்கில் துடைக்கப்படாவிட்டால் வெளிச்சம் மங்கும். உடனே இன்னொரு விளக்கு போடச் சொல்லத் தோன்றும். அதற்கு முன் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒரு முறை துடைத்துப் பார்க்கலாம். சுவருக்கு வெள்ளை அடிப்பதும் வெளிச்சத்தைக் கூட்டும்.

சிக்கனம் என்ற பெயரில் இருட்டில் வேலை வாங்கக் கூடாது. காய்கறி நறுக்கும் மேசை, மாடிப்படி, கல்லாப்பெட்டி ஆகிய இடங்களில் வெளிச்சம் குறையக் கூடாது. பொது அலுவலக அறைகளுக்கு மலேசியத் தர நிர்ணயமான எம்எஸ் 1525 பரிந்துரைப்பது 300 முதல் 400 லக்ஸ். தீயணைப்பு விதிப்படி உள்ள அவசர வழி விளக்குகளில் கை வைக்கவே கூடாது.

கழற்றிய பழைய குழல்களை உடைத்துக் குப்பையில் போடுவது தவறு. அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2023ஆம் ஆண்டு கூடி, பாதரசம் உள்ள குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027 இறுதிக்குள் நிறுத்த முடிவு செய்துள்ளன. பழைய குழலுக்கு மாற்றுக் குழல் தேடி அலையும் காலம் வெகு தூரத்தில் இல்லை.

இன்றிரவு கடையை மூடும் முன் ஒரு தாளில் மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்: எத்தனை விளக்கு, ஒன்று எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம். மூன்றையும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் ஒரு நாள் யூனிட் கிடைக்கும். அதை 30ஆல் பெருக்கி, வரும் யூனிட்டைப் பாதியாக்கினால் மாதம் எத்தனை ரிங்கிட் விளக்குக்குப் போகிறது என்பது தெரியும். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு முடிவெடுக்க யாருடைய ஆலோசனையும் தேவைப்படாது.