வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

வீட்டில் மீன் வளர்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள் உலவும் காட்சியை மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் காணலாம். அண்மைக் காலமாக, நன்னீர் மீன்களோடு நில்லாமல் கடல் மீன்களையும் வளர்க்கும் ஆவல் சிலரிடம் தோன்றியிருக்கிறது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற சித்திரத் திரைப்படத்தின் நாயகனாகிய கோமாளி மீன், குழந்தைகளின் உள்ளங்களைக் கவர்ந்துவிட்டது இதற்கு ஒரு காரணம்.

குழந்தைகள் ஆசையோடு கேட்கின்றனர். பெற்றோர் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருகின்றனர். பத்து நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. வெறுந்தொட்டி பரணில் ஏறிவிடுகிறது. 'நமக்கு இது ராசியில்லை' என்று கூறி மனத்தைத் தேற்றிக்கொள்வாரும் உளர். ராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கடல் மீன் வளர்ப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது நீரை. நீர் நலமாயிருப்பின் அதில் வாழும் உயிர்களும் நலமாயிருக்கும். அதற்கான வழிவகைகளை ஈண்டுக் காண்போம்.

மாறாமையே மருந்து

கடல் மிகப் பெரிது. கதிரவன் காய்ந்தாலும் மழை பெய்தாலும் அதன் வெப்பமும் உப்பும் எளிதில் மாறுவதில்லை. பவளப்பாறைகளை அண்டி வாழும் உயிர்கள் இம்மாறா நிலைக்கே பழகியவை. நம் தொட்டியோ சில வாளித் தண்ணீர். ஒரு மீன் கண்ணில் படாமல் கல்லிடுக்கில் இறந்து அழுகினாலே நீர் முழுவதும் நஞ்சாகிவிடும். தொட்டி சிறிதாக ஆக ஆபத்து பெரிதாகிறது.

'சிறிய தொட்டிதானே, எளிதாக இருக்கும்' என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. முதன்முறை முயல்வோர் 100 லிட்டருக்குக் குறைந்த தொட்டியை நாடாதிருத்தல் நன்று. 2 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 125 லிட்டர் கொள்ளும். நீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் குவிண்டாலைத் தாண்டும். ஆதலால் உறுதியான இரும்பு அல்லது மரத் தாங்கியின்மீது, வெயில் நேரே படாத சுவரோரம் அதனை அமைத்தல் வேண்டும்.

நீரும் உப்பும்

1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன் காட்சியகமும், 1951இல் மும்பை மெரின் டிரைவில் திறக்கப்பட்ட தாராபோர்வாலா மீன் காட்சியகமும் கடற்கரையை ஒட்டியே அமைந்தன. கடல்நீர் அருகில் கிடைப்பது அங்கே பெரும் வசதி. கடலுக்கு எத்தனையோ தொலைவிலுள்ள டில்லியிலும் இன்று கடல் மீன் வளர்க்க இயல்வது, கடல்நீருக்கான கலவை உப்பு கடைகளில் கிடைப்பதனால்தான். மும்பை அன்பர்கள், கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று கரையோர நீரை மொண்டு வந்துவிடலாகாது. நகரத்தின் கழிவு அதில் கலந்திருக்கும்.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று சிலர் வினவுவர். ஆகாது. தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணச் சத்தும் ஜிப்சமும் படிந்து பிரிகின்றன. அதன் பின்னரே உப்பு விளைகிறது. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் இறுதியில் தேங்கி, வெளியே வடித்து விடப்படுகிறது. ஆகவே நம் சமையலறைக்கு வந்து சேர்வது கடலின் ஒரு பகுதியே. கடல் உயிர்களுக்குச் சுண்ணம், மக்னீசியம், பொட்டாசியம் முதலிய யாவும் வேண்டும். அவை உரிய அளவில் சேர்க்கப்பட்டதே கலவை உப்பு.

அதனைக் கரைக்கும் நீரும் தூயதாயிருத்தல் வேண்டும். குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். பல நகரங்களில் கடினத்தன்மையும் மிகுதி. ஆர்.ஓ. முறையில் வடித்த நீர் ஏற்றது. ஆயினும் வீட்டு இயந்திரங்களிற் சில, குடிப்பதற்காக உப்புச் சத்துகளை மீண்டும் சேர்த்துத் தருகின்றன. டி.டி.எஸ். மானியால் அளந்து, அளவு பூஜ்யத்திற்கு அருகில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளலாம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது கணக்கு, ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும். தனி வாளியில் முதல்நாளே கரைத்து, சிறு பம்பினால் சுழலவிட்டு, மறுநாள் பயன்படுத்துக. உயிர்கள் உள்ள தொட்டியில் உப்பை நேரே கொட்டலாகாது.

பலரும் தவறுவது ஆவியாகும் நீரை ஈடு செய்வதில்தான். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 100 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 37 கிராமாகிவிடும். அப்போது உப்புநீரையே ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். ஆகையால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரை நாள்தோறும் ஊற்றுதல் வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடிட்டு வைத்தால் வீட்டுச் சிறுவர்களே இப்பணியைச் செய்துவிடுவர்.

கண்ணுக்குத் தெரியாத ஊழியர்கள்

மீனின் கழிவும், எஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகின்றன. அது கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண்ணில் இவ்வேலையைச் செய்யும் உயிர்களை ருஷ்ய விஞ்ஞானி ஸெர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே கடல்நீர்த் தொட்டியை நலமாக வைத்திருக்க இயலும் என்று 1961இல் எழுதினார்.

இவ்வூழியர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடலாகாது. சிறிது தீனியை மட்டும் இட்டு, சோதனைக் குப்பிகளால் நீரை அளந்து வருக. அம்மோனியா ஏறி இறங்கும்; அதன்பின் நைட்ரைட்டு ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட்டு மட்டும் காணப்படும் நாளே மீன் வாங்கத் தக்க நாள். குழந்தைகளுக்கு இக்காத்திருத்தல் கடினந்தான். எனினும் வாரந்தோறும் அவர்களே அளந்து ஒரு நோட்டில் குறித்து வரட்டும். பள்ளிப் பாடத்தினும் நன்றாக மனத்தில் பதியும்.

நைட்ரேட்டு மெல்ல மெல்லச் சேரும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே உப்பும் அதே வெப்பமும் உடைய புதுநீரை ஊற்றுவதே அதற்குப் பரிகாரம்.

கல்லும் சட்டமும்

பவளப்பாறைத் தொட்டி என்றதும் உயிருள்ள பவளம் வேண்டும் என்று பலர் விழைகின்றனர். நம் நாட்டில் இது பெருங்குற்றமாகலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளமும், கடல் விசிறிகளும், கடற்குதிரைகளும், கடல் அட்டைகளும் சேர்க்கப்பட்டன. அவ்வட்டவணையிலுள்ள உயிர்களைப் பற்றிய குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டாயினும் எடுத்து வருதல் தகாது. சங்கு, சிப்பி இனங்களிற் சிலவும் காப்பு பெற்றவை. எதை வாங்கினும் ரசீது கேட்டுப் பெறுக. ஐயம் எழுந்தால் வனத்துறையினரைக் கேட்டுத் தெளிக.

சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் நம் தாயகத்தின் செல்வம். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர்ச் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் அங்கே பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. விளங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலில் அமிழ்ந்ததற்கு அதுவே காரணமாகக் கூறப்படுகிறது. மிஞ்சியுள்ள பாறைகளும் 2010இலும் 2016இலும் கடல் வெப்பம் மிகுந்தமையால் வெளிறி நலிந்தன. நம் கூடத்தின் அழகுக்காக அவற்றின் ஒரு கிளையையும் ஒடித்தல் கூடாது. செயற்கையாகச் செய்த துளைகள் நிறைந்த கற்கள் கிடைக்கின்றன. அவற்றை அடுக்கிக் குகைபோல் அமைத்தால், நுண்ணுயிர்களுக்கு இல்லமும் மீன்களுக்கு ஒதுங்கிடமும் ஆகும்.

எம்மீனை வாங்குவது?

முதல் விருந்தாளியாகக் கோமாளி மீன் இரண்டே போதும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையில் இவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்திருக்கின்றனர். பண்ணையில் பிறந்த மீனா என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குக. அது தொட்டி வாழ்வுக்குப் பழகியிருக்கும். கடலிலிருந்து ஓர் உயிர் குறைவதும் இல்லை. இம்மீன்கள் யாவும் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் தலைமையானதே பெண்ணாக மாறுகிறது. இவற்றுக்குக் கடற்சாமந்தி இன்றியமையாதது அன்று; புதுத் தொட்டியில் கடற்சாமந்தி பிழைப்பதும் அரிது.

நீல நிறச் சர்ஜன் மீன் ஓரடி வரை வளர்வது. சிறு தொட்டி அதற்குச் சிறைச்சாலை. வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல பவள உயிர்களையே தின்று வாழ்வன. நாம் இடும் தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்து மடியும். அழகைக் கண்டு மயங்காமல், அது என்ன உண்ணும், எவ்வளவு வளரும் என்று விசாரித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். புதிதாக வாங்கிய மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தல் நலம். நோய் தோன்றினால் அங்கேயே மருந்திடலாம்.

வெப்பமும் மின்சாரமும்

நீரின் வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். டில்லியின் குளிர்காலத்திற்கு ஹீட்டர் தேவை. கோடையில் நீரின் மேற்பரப்பில் சிறு விசிறியால் காற்றை வீசச் செய்தால், மண்பானை நீர் குளிர்வதுபோலத் தொட்டி நீரும் இரண்டு மூன்று டிகிரி குளிரும். வறண்ட காற்றுள்ள டில்லியில் இது நன்கு பயன்படும். ஈரக் காற்றுள்ள மும்பையிலும் கொல்கத்தாவிலும் பயன் குறைவு. அங்கே குளிர்விக்கும் இயந்திரம் வேண்டியிருக்கும்.

கடல்நீரில் கரையும் பிராணவாயு, நன்னீரில் கரைவதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நீர் சூடேறினால் அதுவும் குறையும். மின்சாரம் நின்று பம்பு ஓய்ந்தால் மீன்கள் மூச்சுத் திணறத் தொடங்கும். ஆதலின் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் அவசியம்.

இல்லத்தரசியர் கவனத்திற்கு

செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் நம் இல்லங்களின் பெருமை. ஆயினும் தொட்டிக்குரிய நீரை அவற்றில் எடுக்கலாகாது. சிறிதளவு செம்பு கரைந்தாலும் இறால், நத்தை முதலியன மடியும். இதற்கென்று புதிய பிளாஸ்டிக் வாளிகள் இரண்டை ஒதுக்கி வைக்கவும். கொசு மருந்துப் புகையும், பீச்சும் மருந்தும் கடல் உயிர்களுக்குக் கொடு நஞ்சு. தொட்டியுள்ள அறையில் அவற்றைத் தவிர்க்க. தேங்காய் எண்ணெயோ சோப்போ பட்ட கையை நன்கு அலசாமல் நீரில் விடலாகாது. வரும் விருந்தினர் ஒவ்வொருவரும் அன்பினால் ஒரு சிட்டிகைத் தீனி போட விரும்புவர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. இரண்டு நிமிடத்தில் மீன் உண்டு தீர்க்கும் அளவே தீனியின் அளவு.

ஊருக்குச் செல்லும்போது

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே உரிய சோதனை ஒன்றுண்டு. கோடை விடுமுறையில் குடும்பம் முழுவதும் தாயகம் சென்றுவிடும். அதுவே தொட்டி மிகவும் சூடேறும் காலம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே புதிய மீன் வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். நீர் குறையும்போது தானே நிரப்பும் கருவியைப் பொருத்தி, சில வாரம் அது ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்துக்கொள்க. ஒவ்வொரு நாளுக்குரிய தீனியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தேதியிட்டு அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, மிச்சத் தீனியை அலமாரியில் வைத்துப் பூட்டுக. எந்தப் பம்பு ஓட வேண்டும், வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும், யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பவற்றை அவர்கள் படிக்கும் மொழியில் எழுதித் தொட்டியருகே ஒட்டிவிடுக. ஒரு மாதம் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத வீட்டில் கடல் மீன் வளர்க்கத் தொடங்காதிருப்பதே அறம்.

வாயில்லா உயிர்களை நம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். கூண்டுக் கிளி பசித்தால் கத்தும், மீன் கத்துவதில்லை. நீரை அளந்து பார்ப்பது ஒன்றே அதன் குறையை நாம் கேட்கும் வழி. நாள்தோறும் பத்து நிமிடமும், வாரத்தில் ஒரு மணி நேரமும் தவறாது ஒதுக்க இயன்றவர்கள் இம்முயற்சியில் துணிந்து இறங்கலாம். அவர்கள் இல்லத்துக் குழந்தைகள், அடுத்த முறை தாயகம் சென்று இராமேசுவரக் கரையில் நிற்கும்போது, அந்நீருக்கடியில் இருப்பது இன்னதென்று அறிந்த கண்களோடு அதைக் காண்பர்.