தறிக்கு ஒரு நியாயம், லேப்டாப்புக்கு ஒரு நியாயமா?



ஆயுத பூஜை அன்னிக்கு எங்க ஊர் குமாரபாளையத்துக்கு வந்தீங்கன்னா, முதல்ல கவனிக்கிறது அமைதியைத்தான். பவானிக்கு எதிரே, காவிரிக் கரையில் இருக்கிற விசைத்தறி ஊர் இது. ராத்திரி பகலா ஓடுற தறிகள் அன்னிக்கு மட்டும் நிற்கும். ஆனா பூஜைக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. தறியில் படிஞ்ச பஞ்சுத் தூசியைத் துடைக்கணும், எண்ணெய் போடணும், தேய்ஞ்ச பாகத்தை மாத்தணும். அதுக்கப்புறம்தான் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி கடலை எல்லாம்.

தறி மெதுவா ஓடுதுன்னு யாரும் உடனே தறியையே மாத்துறதில்லை. நாடா தேய்ஞ்சிருந்தா நாடாவை மாத்துவாங்க, பெல்ட் போயிருந்தா பெல்ட்டை மாத்துவாங்க. ஆனா லேப்டாப் மெதுவானா மட்டும் "புதுசு வாங்கிடலாம்"னு சொல்றோம்.

2025 ஆயுத பூஜை லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ அப்பாவும் அதைத்தான் கேட்டார். "புதுசே வாங்கிடலாமா கண்ணு?" பட்டறைக் கணக்கு இருக்கிற 2016 மாடல் லேப்டாப் அது. யார் எத்தனை மீட்டர் நெய்தாங்க, யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கு, எல்லாமே அதுலதான். பட்டனை அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் திரை சுத்திக்கிட்டே இருக்கும். தீபாவளி போனஸ் கொடுக்க வேண்டிய மாசத்தில் புது லேப்டாப் ஒரு பெரிய செலவு. அதனால முதல்ல தறியைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்த்தோம். உங்க வீட்டு லேப்டாப்பையும் நீங்க இப்படிப் பார்க்கலாம்.

எது மெதுவா இருக்கு?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் மூணும் எத்தனை சதவீதம்னு பாருங்க. சி.பி.யு. 10, 20-லயே இருந்து, டிஸ்க் மட்டும் 100-லேயே நின்னா, குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டி நின்னா ரேம் பத்தலை. சி.பி.யு.வே எப்பவும் 100-ல் இருந்தா, பின்னணியில் எந்த மென்பொருள் ஓடுதுன்னு பாருங்க. அப்படி எதுவும் இல்லைன்னா, பாகம் மாத்தி பெரிய பயன் கிடைக்காது.

ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவு?

ஹார்டு டிஸ்க்குள்ள ஒரு தட்டு சுத்தும், அதுக்கு மேல ஒரு ஹெட் நகரும். பழைய லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. அப்படின்னா ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி செகண்ட். ஒரு துண்டுத் தகவலை எடுக்க ஹெட் சரியான தடத்துக்குப் போகணும், அந்த இடம் சுத்தி ஹெட்டுக்குக் கீழே வர்ற வரைக்கும் காத்திருக்கணும். எல்லாம் சேர்த்து 15 மில்லி செகண்டுக்கு மேல ஆகும். அதாவது செகண்டுக்குச் சுமார் 60 துண்டுதான். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை எடுக்கணும். ஒரே ஆள் குடோனுக்கு ஓடி ஓடி ஒவ்வொரு நூல் கோனா எடுத்துட்டு வர்ற மாதிரி.

எஸ்.எஸ்.டி.யில் சுத்துற பாகமே கிடையாது. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி செகண்ட் அளவுதான். அதனாலதான் பழைய லேப்டாப்பில் இந்த ஒரு பாகத்தை மாத்தினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வாங்குறதுக்கு முன்னாடி

எஸ்.எஸ்.டி. எல்லாம் ஒண்ணு இல்லை. பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் போடுறது 2.5 இன்ச் சாட்டா வகை. எம்.2 ஸ்லாட் இருந்தாலும், அது சாட்டாவா என்.வி.எம்.இ.யான்னு மாடல் நம்பரை வச்சுத் தேடிப் பார்த்துட்டு வாங்குங்க. ரேமும் அப்படித்தான். டி.டி.ஆர்.3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. அழுத்தி ஏத்தப் பார்க்காதீங்க, ஸ்லாட் உடையும். சில மாடல்களில் ரேம் போர்டோடு சால்டர் பண்ணியிருக்கும், அதைக் கூட்டவே முடியாது.

கழட்டும்போது சார்ஜரை எடுத்துடுங்க, பேட்டரி இணைப்பையும் எடுத்துடுங்க. ஒரு இரும்புப் பொருளைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க, உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் போயிடும். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது. எது எங்கே இருந்ததுன்னு போனில் படம் எடுத்து வைங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி இது

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுறதுக்கு முன்னாடி பேக்கப் எடுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கோட உடல்நிலையைச் சொல்லும். நீல நிறம் வந்தா நல்லது. மஞ்சள் வந்தா டிஸ்க்கில் கெட்டுப் போன பகுதிகள் சேர ஆரம்பிச்சிருக்கலாம். அப்போ முழு டிஸ்க்கையும் குளோன் பண்ண உட்காராம, முக்கியமான கோப்புகளை முதல்ல வெளியே எடுங்க.

எங்களுக்கு வந்தது மஞ்சள். கணக்குக் கோப்புகள் எல்லாம் பத்திரமா வந்துடுச்சு. ஆனா 2017 பூஜைப் படங்கள் இருந்த ஃபோல்டரில் நாலு படம் கடைசி வரைக்கும் திறக்கவே இல்லை. அதில் ஒண்ணு, தாத்தா தறிக்குப் பொட்டு வைக்கிற படம். வேற எங்கேயும் பிரதி இல்லை. அப்பா ஒண்ணும் சொல்லலை. "மத்ததைக் காப்பி பண்ணு"ன்னு மட்டும் சொன்னார்.

விண்டோஸ் 10 விஷயம்

அந்த பூஜை முடிஞ்ச 13-வது நாள், 2025 அக்டோபர் 14 அன்னிக்கு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. லேப்டாப் ஓடும், ஆனா புதுசா கண்டுபிடிக்கிற பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்னா பொதுவா 8-ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். எங்களுடையது 6-ஆம் தலைமுறை. எஸ்.எஸ்.டி. போட்டாலும் இந்தத் தடை மாறாது.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு பண்றது. தனிநபர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரைக்கும். இன்னொண்ணு, லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச இயங்குதளத்துக்குப் போறது. பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும்னா இதுவே நல்ல வழி. ஆனா டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருள் அதில் நேரடியா ஓடாது. அப்பாவுக்கு டேலி வேணும்கிறதால முதல் வழியை எடுத்தோம். அதனால எஸ்.எஸ்.டி. எங்களுக்கு நிரந்தரத் தீர்வு இல்லை, ஒரு வருஷ அவகாசம். அந்த வருஷம் போனஸ் செலவோடு புது லேப்டாப் செலவு மோதலை. அது போதும்னு தோணுச்சு.

போர்டு பழுதா, ஹிஞ்ச் உடைஞ்சு திரையே தொங்குதா? அப்போ பாகம் மாத்துறது வீண், புதுசு வாங்குறதுதான் சரி.

மறுநாள் விஜயதசமி. தறிகள் மறுபடி ஓட ஆரம்பிச்சப்போ, லேப்டாப்பும் அரை நிமிஷத்துக்குள்ள திறந்துச்சு. அப்பா உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பிச்சார். நான் மிச்சமிருந்த படங்களை ஒரு பென் டிரைவிலும் அம்மாவோட போனிலும் ஏத்தி வச்சேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு உங்க லேப்டாப்புக்கும் பொட்டு வைங்க. மூடி மேல மட்டும் வைங்க, காத்து போற ஓட்டையில் சந்தனம் வேண்டாம். ஆனா பேக்கப் எடுக்க பூஜை வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னிக்கு ராத்திரியே எடுத்துடுங்க.