காதில் பிடிபட்ட எஞ்சின்

இன்னும் விற்பனைக்கு வராத ஒரு காரில் எந்த எஞ்சின் இருக்கிறது என்று சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியுமா? அமெரிக்காவின் கோர்வெட் கார் பற்றி ஓயாமல் வரும் வதந்திகளைப் படித்துச் சலித்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. முடியும் என்பதுதான் பதில். கார் வதந்திகளில் அறிவியலுக்கு வேலை வைப்பதும் கிட்டத்தட்ட இந்த ஒரு வகைதான். மற்றதெல்லாம் எண்களை வைத்து நடக்கும் ஏலம்.

முதலில் ஏலத்தை முடித்துவிடுவோம். எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நகர்த்திய எட்டாம் தலைமுறைக் கோர்வெட்டை, அதைத் தயாரிக்கும் செவ்ரோலெட் 2019 ஜூலை 18 அன்று காட்டியது. அடுத்து என்ன வரும் என்ற வாக்குவாதம் அப்போதே தொடங்கிவிட்டது. 2021இல் இசட்06 வந்தது, 670 குதிரைத்திறன். 2023 ஜனவரியில் முன்சக்கரங்களை மின்மோட்டார் இழுக்கும் இ-ரே, 655. 2024இல் இரட்டை டர்போ வைத்த இசட்ஆர்1, 1,064. 2025இல் இசட்ஆர்1எக்ஸ், 1,250. ஒவ்வொன்றுக்கும் முன்பு ரசிகர்களில் ஒருவர் ‘உள்ளே இருந்து கசிந்த’ எண் ஒன்றைச் சொல்வார். இன்னொருவர் அதன் தலையில் ஐம்பதைக் கூட்டுவார். உச்ச வடிவத்தின் பெயர் ‘ஸோரா’ என்று பலர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவந்தார்கள். வந்தது இசட்ஆர்1எக்ஸ்.

அந்த 1,250 ஒன்றும் மந்திரமில்லை. இசட்ஆர்1இன் எஞ்சின் 1,064, முன்பக்க மோட்டார் 186, கூட்டினால் வந்துவிடும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 2 வினாடிக்குள் எட்டும் என்கிறார்கள். அதற்குச் சராசரியாக ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 1.37 மடங்கு முடுக்கம் வேண்டும். சாதாரணத் தார்ச்சாலையில் டயர் ரப்பருக்கு அவ்வளவு பிடிமானம் கிடைப்பது அரிது. பசை தடவிப் பதப்படுத்திய பந்தயத் தடத்தில் இந்த எண் எளிதாகப் பிறக்கும். அமெரிக்க வழக்கப்படி கார் நகரும் முதல் ஓர் அடி பெரும்பாலும் கணக்கில் சேராது. அதன் பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். விளம்பரத்தில் இந்த அடிக்குறிப்பை உருப்பெருக்கி வைத்துத் தேட வேண்டும்.

இனி உருப்படியான வதந்திக்கு வருவோம். 2019 இறுதியில் கோர்வெட்டின் பந்தய வடிவமான சி8.ஆர் வெளியே வந்தது. 2020 ஜனவரியில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடியது. அதிலிருந்து வந்தது வழக்கமான கோர்வெட் சத்தமல்ல. அறுபது ஆண்டுகளாகக் கோர்வெட் என்றால் ‘குடுகுடு’வென்று உருளும் அடித்தொண்டைச் சத்தம். இதுவோ இத்தாலியக் கார்போல ஒரே சீராக அலறியது. சாலைக்கு வரப்போகும் இசட்06இலும் இதே எஞ்சின்தான், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் அதன் கிராங்க் ஷாஃப்ட் ‘ஃப்ளாட் பிளேன்’ வகைதான் என்று காது கூர்மையான ரசிகர்கள் அடித்துச் சொன்னார்கள். மூடுதிரை போட்ட சோதனைக் கார்களின் ஒலிப்பதிவுகள் அதையே சொல்லின. 2021இல் செவ்ரோலெட்டே படத்தைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் வெளியிட்டுச் சீண்டியது. அந்த அக்டோபரில் கார் வந்தபோது சொன்னது சொன்னபடியே இருந்தது.

காது எப்படிக் கண்டுபிடித்தது?

கோர்வெட்டின் வி8 எஞ்சினில் வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைச் சிலிண்டர்கள், ஒன்றுக்கொன்று 90 பாகைச் சாய்வில் நிற்கின்றன. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் எட்டும் ஒருமுறை வெடித்தாக வேண்டும். அதாவது 90 பாகைக்கு ஒரு வெடிப்பு. எந்த வகைக் கிராங்க் ஆனாலும் இந்தத் தாளம் மாறாது. மாறுவது எந்த வரிசை எப்போது வெடிக்கிறது என்பது.

ஓர் உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று நெல் குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி உலக்கை விழுகிறது. ஒருத்தியை மட்டும் கவனித்தால் அவள் குத்துகளுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி. இதுதான் ஃப்ளாட் பிளேன். கிராங்கில் பிஸ்டன்கள் பற்றிக்கொள்ளும் பின்கள் நான்கும் ஒரே தளத்தில், எதிரும் புதிருமாக 180 பாகையில் இருப்பதால் ஒவ்வொரு வரிசையும் 180 பாகைக்கு ஒருமுறை, தவறாமல் வெடிக்கிறது.

மற்ற வகை ‘கிராஸ் பிளேன்’. முனையிலிருந்து பார்த்தால் பின்கள் சிலுவைபோல 90 பாகை இடைவெளியில் தெரியும். இங்கே அதே இரண்டு பெண்கள், அதே மொத்த வேகம். ஆனால் முறை இப்படி: இடது, வலது, இடது, வலது, வலது, இடது, வலது, இடது. மறுபடி இடதிலிருந்து. எட்டுக் குத்தில் ஆளுக்கு ஒருமுறை ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு குத்துப் போட்டுவிடுகிறாள்; அதற்கடுத்த குத்துக்குப் பிறகு மூச்சுவாங்க நீண்ட நேரம் நிற்கிறாள். ஒரு வரிசையின் வெடிப்பு இடைவெளிகளை எழுதிப் பார்த்தால் 180, 270, 180, 90 பாகை. உரல் வீட்டுத் திண்ணையில் இருந்தால் கேட்பவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். ஒவ்வொருத்தியின் சத்தமும் தனித்தனிக் குழாய் வழியாக வீட்டின் இரு பக்கமும் வந்தால்தான் அந்தத் தடுமாற்றம் தெரியும். காரில் ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் புகைக்குழாய் இருக்கிறதே!

கணக்கில் போட்டால் இன்னும் தெளிவு. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் வினாடிக்கு 100. ஃப்ளாட் பிளேனில் ஒரு வரிசை வினாடிக்குச் சீராக 200 முறை வெடிக்கிறது. அதன் சத்தத்தின் அடிச் சுருதி 200 ஹெர்ட்ஸ். கிராஸ் பிளேனிலும் வெடிப்பு 200தான். ஆனால் அந்தக் கோணல் வரிசை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திரும்ப வருகிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸில் ஓர் அடிச் சுருதியும், அதன் மடங்குகளும் சத்தத்தில் புகுந்துவிடுகின்றன. அந்த 50தான் ‘குடுகுடு’. ஒலிப்பதிவின் அலைவெண்களைப் பிரித்துக் காட்டும் எந்தச் செயலியிலும் இந்தக் கூடுதல் கோடுகள் வேலிக்கம்பங்களுக்கு நடுவே முளைத்த செடிகளாகப் பளிச்சென்று தெரியும். பொறியாளர் யாரும் எதையும் கசியவிட வேண்டியதில்லை.

இவ்வளவு இனிமையாகச் சீராக வெடிக்கும் ஏற்பாட்டை அமெரிக்கர்கள் ஏன் விட்டார்கள்? வரலாற்றை ஒரு பத்திக்கு மேல் நீட்டப் போவதில்லை. காடிலாக் 1914இல் கொண்டுவந்த வி8 ஃப்ளாட் பிளேன்தான். அது உதறியது. 1923இல் அதே காடிலாக் கிராஸ் பிளேனுக்கு மாறி உதறலை ஒழித்தது. அமெரிக்க வி8கள் பெரும்பாலும் அதையே பின்பற்றின. கோர்வெட் 1953இல் ஆறு சிலிண்டரோடு பிறந்தது. முதல் ஆண்டில் செய்தது 300 கார். வி8 பின்னால் வந்தது. எஞ்சினை நடுவில் வைக்க வேண்டும் என்று நெடுங்காலம் போராடியவர் பெல்ஜியத்தில் பிறந்த பொறியாளர் ஸோரா ஆர்க்கஸ் டன்டோவ். அவர் பெயர்தான் ரசிகர்கள் எதிர்பார்த்த அந்தப் பெயர். 1960களிலிருந்து மாதிரி கார்கள் வந்துகொண்டிருந்தன. ‘அடுத்த கோர்வெட் நடு எஞ்சின்தான்’ என்று பத்திரிகைகளும் எழுதிக்கொண்டே இருந்தன. 1996இல் அவர் இறந்து 23 ஆண்டு கழித்து அது உண்மையானது. அரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டே இருந்தால் எந்த வதந்தியும் ஒருநாள் பலிக்கும்.

உதறலுக்குத் திரும்புவோம், ருசியான பகுதி அதுதான். பிஸ்டன் மேலும் கீழும் போவது அழகான சைன் அலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லை. கிராங்கையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்கிறது. சாயும்போது அதன் செங்குத்து உயரம் குறைகிறது. இதனால் கிராங்க் உச்சியிலிருந்து கால் சுற்று திரும்பியதும் பிஸ்டன் பாதி வழியைத் தாண்டிவிட்டிருக்கும். இசட்06இன் பிஸ்டன் ஓடும் தூரம் 80 மில்லிமீட்டர்; கால் சுற்றில் அது இறங்கியிருப்பது 40 அல்ல, அதைவிடச் சில மில்லிமீட்டர் அதிகம். சில மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. மேல் பாதியில் அவசரமும் கீழ் பாதியில் நிதானமுமாக ஓடும் இந்த ஓரவஞ்சனை, சுழற்சியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அதிரும் ஒரு விசையை உண்டாக்குகிறது.

கிராஸ் பிளேனில் ஒரே வரிசைக்குள் இரண்டு பிஸ்டன்கள் அவசரப்படும்போது மற்ற இரண்டு நிதானிக்கின்றன. விசைகள் ஒன்றையொன்று கொன்றுவிடும். (இதற்குக் கொடுக்கும் விலை, கிராங்க் நெடுக்கில் ஆட்டம் காணாமலிருக்க அதன் மேல் கட்டும் கனமான எதிரெடைகள்.) ஃப்ளாட் பிளேனில் ஒரு வரிசையின் நான்கு பிஸ்டன்களும் சேர்ந்தே அவசரப்படும், சேர்ந்தே நிதானிக்கும். இரண்டு வரிசைகளின் விசைகளையும் கூட்டினால் மேல்கீழ் பகுதி ஒழிந்துபோகிறது. பக்கவாட்டுப் பகுதி இரட்டிக்கிறது. நம் பெண்களிடமே கேட்டால், உலக்கைகளை 45 பாகை சாய்த்துப் பிடித்து, ஆளுக்கு நான்கு கையால் குத்தினால் உரல் துள்ளாது, திண்ணையில் இடமும் வலமுமாகத் தேயும் என்பார்கள். உவமையை இதற்கு மேல் இழுத்தால் உரலே உடையும், இங்கே விடுகிறேன்.

இந்த உதறல் சுழற்சி வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். பிஸ்டன் கனமாக இருந்தாலும் நெடுந்தூரம் ஓடினாலும் ஏறும். ஃபெராரி காலகாலமாகச் சிறிய சிலிண்டர்களோடு இதைச் சமாளித்தது. 2015இல் ஃபோர்டு தன் மஸ்டாங் ஜிடி350இல் 5.2 லிட்டரில் முயன்றது. பிஸ்டன் ஓடும் தூரம் 93 மில்லிமீட்டர், உச்சம் 8,250 சுற்று. அதன் அதிர்வு ரசிகர்களிடையே பிரசித்தம். கோர்வெட் குழு விபத்தில் சிக்கிய ஃபெராரி 458 ஒன்றின் எஞ்சினை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. 5.5 லிட்டர் வேண்டும், ஆனால் பிஸ்டன் அதிக தூரம் ஓடக் கூடாது. விடை: சிலிண்டரை அகலமாக்கு. விட்டம் 104.25, ஓட்டம் 80 மில்லிமீட்டர். ராடுகள் டைட்டானியம். உச்சம் 8,600 சுற்று. அந்த வேகத்தில் உச்சியில் திரும்பும் பிஸ்டனின் முடுக்கத்தை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஈர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள எதுவும் அங்கே 2 டன்னாகத் தொங்கும். 670 குதிரைத்திறனைவிட எனக்கு இந்த எண்தான் மலைப்பு. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

காடிலாக்கும் செவ்ரோலெட்டும் ஒரே ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளைகள். 1923இல் அந்தக் குடும்பம் வெளியேற்றிய கிராங்கை, நூறு ஆண்டு முடியும் தறுவாயில் அதே குடும்பம் மாலை போட்டு அழைத்துக்கொண்டது.

காதை நம்புவதற்கும் எல்லை உண்டு. இரண்டு வரிசைகளின் புகைக்குழாய்களைக் குறுக்கே பின்னி இணைத்தால் கிராஸ் பிளேனும் சீராகப் பாடும். 1960களின் ஃபோர்டு ஜிடி40இல் அப்படிப் பின்னிய குழாய்களுக்குப் பாம்புக் கூட்டம் என்றே பட்டப்பெயர். டர்போ இன்னொரு இடையூறு. வெளியேறும் புகையின் துடிப்பையே தின்று சுழல்வது அது. மிச்சம்தான் நம் காதுக்கு.  ஆனால் டர்போவுக்கு ஃப்ளாட் பிளேன் வசதிதான்: வரிசைக்கு ஒரு டர்போ வைத்தால் இரண்டுக்கும் சம இடைவெளியில் தீனி கிடைக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. கோர்வெட் நம் தெருவுக்கு வருவது அபூர்வம். ஆனால் இதே வித்தையைக் கேட்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. சென்னையில் பிறக்கும் ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் பின்கள் 270 பாகை விலகி இருக்கின்றன. வெடிப்பு இடைவெளி 270, பிறகு 450. வேண்டுமென்றே வைத்த கோணல். கைபேசியில் அலைவெண் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, அந்த பைக் வைத்திருக்கும் நண்பரை வண்டியை உறுமவிடச் சொல்லுங்கள். சுழற்சியின் பாதி அலைவெண்ணில் ஒரு கோடு தெரியும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.