காந்தி தேடிய பால்

1912-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி பாலைக் கைவிடுவதென்று விரதம் பூண்டார். மாடுகளும் எருமைகளும் கறவைக்காகப் படுத்தப்படும் பாடு அதற்கு ஒரு காரணம். 1918-இல் நோயுற்றுப் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், விரதம் ஆட்டுப்பாலைத் தடுக்காதே என்று கஸ்தூரிபா எடுத்துச் சொல்ல, அவர் இணங்கினார். ஆட்டுப்பாலை ஆதரிப்பவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் ஆன்மாவைக் கைவிட்டுவிட்டோம் என்ற வருத்தம் காந்திக்குக் கடைசிவரை இருந்தது. பாலுக்கு ஈடான சத்தும் செரிமானமும் உள்ள தாவர உணவு எது, அனுபவத்தில் கண்டவர்கள் சொல்லுங்கள் என்று ‘சத்திய சோதனை’யிலேயே கேட்டிருக்கிறார். அவர் மனம் உறுத்தியதில் நியாயம் உண்டு. ஆடும் ஈன்றால்தான் பால் தரும். பால் பண்ணைக்கு வேண்டாத கிடாக்குட்டிகள் பெரும்பாலும் கறிக்குத்தான் போகின்றன.

உடல்நலத்துக்காக ஆட்டுப்பாலுக்கு மாறுகிறவர்களுக்கும் அது கைகொடுப்பதில்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. குடித்ததும் உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இரைப்பது எல்லாம் பால் புரதத்தால் வரும் ஒவ்வாமை. மாட்டுப்பாலில் உள்ள கேசின் என்ற புரதமும் ஆட்டுப்பாலின் கேசினும் அமைப்பில் மிக நெருக்கமானவை என்பதால், ஒன்று ஆகாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மற்றதும் ஆகாது. பரீட்சித்துப் பார்ப்பதே ஆபத்து. வயிறு உப்பி, கடமுடா என்று இரைந்து, பேதியாவது வேறு: பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்ததன் விளைவு. அந்தச் சர்க்கரை ஆட்டுப்பாலில் சற்றே குறைவு, அவ்வளவுதான். கொழுப்புத் துளிகள் சிறியவை, எளிதில் செரிக்கும் என்பார்கள். துளிகள் சிறியவை என்பது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு கோளாறுகளுமே கொழுப்பால் வருபவை அல்லவே! கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வெறும் ஆட்டுப்பால் புகட்டுவது இன்னும் மோசம். அதில் ஃபோலிக் அமிலம் மிகச் சொற்பம். அதை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு வந்த ரத்தசோகைக்கு மருத்துவர்கள் ‘ஆட்டுப்பால் சோகை’ என்றே பெயர் வைத்தார்கள்.

காந்தி கேட்ட கேள்விக்கு இன்று சொல்லக்கூடிய நெருக்கமான பதில் சோயா பால். சோயா பயறை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறியபடி நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை போவதற்காக மட்டுமல்ல, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் சூட்டில்தான் அடங்கும். திட்டமாகத் தண்ணீர் விட்டால் 100 மில்லியில் 3 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும், பசும்பாலுக்குச் சமம். பாதாம் பாலை இதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன், அதில் பெரும்பகுதி தண்ணீர். கால்சியத்துக்கு என்ன செய்வது என்பது சரியான ஆட்சேபம். வீட்டில் எடுக்கும் சோயா பாலில் அது குறைவுதான். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள்ளில் இன்னும் அதிகம். கடையில் வாங்கினால் கால்சியமும் பி12-உம் சேர்த்த பாக்கெட்டைப் பார்த்து எடுக்கலாம். பி12 மட்டும் எந்தத் தாவரப் பாலிலும் இயல்பாகக் கிடையாது; பால், முட்டை, இறைச்சி மூன்றையும் விட்டவர்கள் அதை மாத்திரையாகவாவது எடுத்தே ஆக வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆட்டுப்பாலும் வேண்டாம், சோயா பாலும் வேண்டாம். தாய்ப்பால், அது போதாதபோது மருத்துவர் எழுதித் தரும் பால்மாவு.