மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் 130 ஆண்டு கடந்த செங்கல் தேவாலயம்

கோலாலம்பூர் – மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி மெர்டேக்கா சதுக்கத்துக்கு நடந்து வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு. தோட்டத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வருபவர்களும் அதன் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். திடலின் வடக்கு ஓரத்தில், சரிவான சிவப்பு ஓட்டுக் கூரையோடு ஒதுங்கி நிற்கும் சிறிய தேவாலயத்தைப் பலர் கவனிப்பதில்லை.

அதுதான் புனித மரியாள் பேராலயம். செயின்ட் மேரிஸ் கதீட்ரல் என்று சொன்னால் நகரத்தாருக்கு உடனே தெரியும். மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமை ஆலயம் இது. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கும் இதற்கும் வேலை தொடங்கியது ஒரே ஆண்டில், 1894-இல். இரண்டிலும் பங்கிருந்த கட்டடக் கலைஞரும் ஒருவரே. ஆனால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

பலகையிலிருந்து செங்கலுக்கு

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் தாக்கின. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த வீடுகள் தாங்கவில்லை. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். நகருக்குத் தெற்கே செங்கல் சூளைகள் எழுந்தன. இன்று தமிழர் கடைத்தெருவாக விளங்கும் பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரைப் பெற்றது அந்தச் சூளைகளால்தான்.

ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆலயமும் மரத்தால் ஆனதே. பின்னர் புக்கிட் அமான் என்று பெயர் பெற்ற மேட்டில் 1887-இல் அது திறக்கப்பட்டது. சுமார் 95 பேர் அமரலாம். சில ஆண்டுகளிலேயே இடம் போதாமல் போனது.

திடலின் ஓரத்தில் புதிய ஆலயத்துக்கு 1894 பிப்ரவரி 3-ஆம் நாள் ரெசிடெண்ட் டபிள்யூ.எச். திரீச்சர் அடிக்கல் நாட்டினார். ஓராண்டில் வேலை முடிந்தது. 1895 பிப்ரவரி 9-ஆம் நாள் பேராயர் ஜார்ஜ் ஹோஸ் அதை அருட்பொழிவு செய்தார். சிங்கப்பூர், லாபுவான், சரவாக் ஆகிய மூன்று இடங்களையும் சேர்த்துக் கவனித்தவர் அவர். ஆலயத்தின் வரைபடம் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஏ.சி. நார்மனுடையது.

கட்டடத்தைப் பார்ப்பது எப்படி?

கோயிலில் பக்தர்கள் நிற்க மண்டபமும், மூலவர் இருக்கக் கருவறையும் தனித்தனியே இருப்பது போல, இந்த ஆலயமும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. சபையார் அமரும் நீண்ட கூடம் 87 அடி நீளம், 28 அடி அகலம். அதன் முனையில் திருப்பீடம் இருக்கும் பகுதி, எண்கோணத்தை ஒட்டிய வடிவில், 29 அடி நீளம். முதலில் கட்டியபோது சுமார் 180 பேருக்குத்தான் இடம்.

கதவுகளும் சன்னல்களும் மேலே கூராக முடிகின்றன. 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்து தேவாலயங்களில் வளர்ந்த தொடக்கக் கோதிக் பாணி இது. அரைவட்ட வளைவு மேல்பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும்; கூர்வளைவு பாரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்கும். மிஞ்சிய அழுத்தத்தை வெளிப்புறத்து முட்டுச்சுவர்கள் தாங்கிக்கொள்ளும். குறுகிய சன்னல், குறைந்த அலங்காரம், வானை முட்டும் கோபுரம் இல்லாத அடக்கம் ஆகியவற்றைப் பார்த்தால் ஓர் ஆங்கிலேயக் கிராமத்துக் கோயிலைப் பெயர்த்து வைத்தது போல் இருக்கும். கிள்ளானில் 1928-இல் கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயம் கத்தோலிக்கருடையது என்றாலும், அதிலும் இதே கூர்வளைவுகளைக் காணலாம்.

ஒரே திடல், இரண்டு முகங்கள்

எதிரே இருக்கும் அரசாங்கக் கட்டடத்தில் ஏன் கோதிக் இல்லை? பொதுப்பணித் துறைத் தலைவராக இருந்தவர், இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த சி.இ. ஸ்பூனர். நார்மன் முதலில் வரைந்த ஐரோப்பியப் பாணி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆர்.ஏ.ஜே. பிட்வெல்லும் சேர்ந்து திருத்திய பிறகு குவிமாடங்களும் குதிரைலாட வளைவுகளும் வந்தன. 1892-இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் புதிதாக இருக்காது.

ஆளப்படும் மக்கள் பார்ப்பதற்கான கட்டடத்துக்குக் கிழக்கின் உடை போர்த்தப்பட்டது. தாங்கள் மண்டியிடும் இடத்தையோ ஆட்சியாளர்கள் தங்கள் ஊர்ச் சாயலிலேயே கட்டிக்கொண்டார்கள்.

பேராயரின் இருக்கை

தொடக்கத்தில் இது பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் கூடிய இடம். அந்நாளில் சிலாங்கூர்த் தோட்டங்களில் காப்பிதான் பெரும் பயிர். ரப்பர் பிறகே பரவியது. உள்ளே இருக்கும் குழாய் இசைக்கருவி, லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்குக் கருவி செய்த ஹென்றி வில்லிஸ் நிறுவனம் 1895-இல் செய்தது. பின்னாளில் அது சர் ஹென்றி கர்னியின் நினைவாக அர்ப்பணிக்கப்பட்டது. அவசரகாலத்தின்போது, 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் அவர்.

கதீட்ரல் என்ற சொல்லுக்கு வேர், பேராயரின் இருக்கையைக் குறிக்கும் சொல். மேற்கு மலேசியாவுக்கெனத் தனிப் பேராயம் 1970-இல் அமைந்தது. முதல் பேராயர் சீனரான ரோலண்ட் கோ. அவருக்குப் பின் 1973 முதல் 1994 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் தமிழரான ஜான் குருபாதம் சவரிமுத்து. துரைமார்கள் தங்களுக்கெனக் கட்டிய ஆலயத்தின் முதல் இருக்கையில் இருபத்தோரு ஆண்டுகள் ஒரு தமிழர் அமர்ந்தார். இன்று அந்தப் பேராயத்தின் சபைகளில் ஆங்கிலம், சீன மொழிகளோடு தமிழிலும் ஆராதனை நடக்கிறது.

அடுத்த முறை மெர்டேக்கா சதுக்கத்துக்கு வரும்போது, மணிக்கூண்டைப் படம் எடுத்த பிறகு வடக்கே சில நிமிடங்கள் நடந்து பாருங்கள். திடலில் நின்றபடி இரண்டு கட்டடங்களின் வளைவுகளையும் ஒப்பிட்டால், எது ஊருக்குக் காட்டக் கட்டியது, எது தமக்காகக் கட்டியது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.