கடைக்கேற்ற கூடை

பெரிய அங்காடிகளில் சக்கரக் கூடையைத் தள்ளிச் செல்கிறோமல்லவா? அதை 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் அறிமுகப்படுத்தியவர் சில்வன் கோல்ட்மன் என்னும் கடைக்காரர். இன்று இணையக் கடைகளிலும் 'ஷாப்பிங் கார்ட்' என்னும் அப்பெயரே வழங்குகிறது. ஆனால் இக்கூடை கம்பியால் ஆனதன்று, மென்பொருளால் ஆனது. நாம் தேர்ந்த பொருள்களை நினைவில் வைப்பது, விலையும் வரியும் கூட்டுவது, பணம் பெறுவது, இருப்பில் ஒன்றைக் குறைப்பது ஆகிய யாவும் அதன் வேலையே. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டூலி 'குக்கி'யை உருவாக்கத் தூண்டியதும் இக்கூடைத் தேவைதான். (அது தின்பதற்கன்று என்று சிறு வகுப்புத் தங்கையருக்குச் சொல்லி வைப்போம்!)

ஒரு கடைக்காரருக்காக இணையதளம் அமைப்பவர் எந்தக் கூடையைத் தேர்ந்தெடுப்பது? வாடகை வீடா, சொந்த வீடா என்பது போன்றதே இக்கேள்வி. கனடா நாட்டின் ஷாப்பிஃபை வாடகை வீடு. மாதந்தோறும் கட்டணம் செலுத்தினால், கூரை ஒழுகினாலும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் சுவரில் ஆணி அடிக்க அவரது அனுமதி வேண்டும். வேர்ட்பிரஸுடன் இணையும் ஊகாமர்ஸோ சொந்த வீடு. மென்பொருளுக்கு விலையில்லை, எனினும் பூட்டு, காவல், பழுதுபார்த்தல் எல்லாம் நம் தலையில். 'இலவசம்' என்றதும் மகிழ்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

தாமே எழுதிக்கொண்டால் என்ன? டோபியாஸ் லுட்கே 2004-ல் பனிச்சறுக்குப் பலகைகள் விற்க விரும்பி, கிடைத்த மென்பொருள்கள் பிடிக்காமல் தாமே எழுதினார். அதிலிருந்தே 2006-ல் ஷாப்பிஃபை பிறந்தது. ஆயினும் பலகை விற்பனை என்னவோ நின்றுபோயிற்று!

மெஜன்டோவின் கதை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2008-ல் வெளிவந்த இதனைப் பல்லாயிரம் கடைகள் ஏற்றன. 2015-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் கட்டமைப்பே வேறு. பழைய அலங்காரங்களும் இணைப்புகளும் அதில் பொருந்தவில்லை. கடையை ஏறக்குறைய புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. 2020 ஜூன் 30-ஆம் நாளுடன் பழைய பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அவ்வாண்டு செப்டம்பரில், ஒரே வார இறுதியில் ஏறத்தாழ 2000 கடைகளுக்குள் திருடர் நுழைந்து, வாடிக்கையாளர் தட்டச்சு செய்த கார்டு எண்களைக் கவர முற்பட்டனர். பெரும்பாலானவை பழைய பதிப்பில் இருந்த கடைகளே. தளம் அமைத்தவர் கூலி பெற்றுச் சென்றுவிடுகிறார். அதனோடு வாழ வேண்டியவர் கடைக்காரரல்லவா?

ஆகவே, நுழையும்போதே வெளியேறும் வழியையும் பார்த்துவிட வேண்டும். பொருள்கள், வாடிக்கையாளர், விற்பனைக் கணக்கு ஆகியவற்றை முழுமையாக எடுத்துச் செல்ல முடியுமா? கார்டு எண் நம் கடைக்குள் வராமல், பணம் பெறும் நிறுவனத்தின் பக்கத்திலேயே வாங்கப்படுகிறதா? அழகிய முகப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒரு பொருளை நாமே வாங்கி, நாமே திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக, கடை நடத்தப் போகிறவரிடமே ஒரு விலையை மாற்றச் சொல்லிவிட்டு, நாம் வாய் திறவாமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அது எவ்வளவு கடினம் என்பது, அம்மாவுக்குக் கைபேசி கற்றுக் கொடுத்திருக்கும் நமக்குத் தெரியாததா!